செல்லம் சொன்ன ‘ஆமாங்க’

டீயை டம்ளரில் ஊற்றிவிட்டு ஆவி அடங்கும்வரை அடுப்படியிலேயே நிற்பது செல்லத்துக்கு இந்த ஒரு மாதத்தில் வந்த பழக்கம்.

இருபத்தாறு வருடமாக அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கொண்டுபோய் நீட்டியவள் அவள். கொஞ்சம் ஆறியிருந்தாலும் பூமிநாதன் முகம் சுளிப்பார். இப்போது அவரே விரல் நுனியால் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் செத்த நேரம் ஆறட்டும்” என்கிறார்.

மாங்கனித் திருவிழா முடிந்து மூன்றாம் நாள். ஆனி வெயில் காலை எட்டு மணிக்கே கோட்டுச்சேரித் தெருவை நிறைத்துவிட்டிருந்தது. கொல்லைக் குழாயடியில் பூமிநாதன் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த, நுரையே வராத ஒரு திரவம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தார். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மூடிய இமைகளின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு பட்டாணி அளவு ஜெல்லைக் கன்னத்திலும் மூக்கிலும் தடவினார். அது காய்ந்ததும் வெயிலுக்கான கிரீம்.

“சேத்துல இறங்குறவனுக்கு இதெல்லாம் தேவையா? நடவாளுங்க பாத்துட்டு சிரிக்கிறாளுவ” என்று முதல் வாரம் முணுமுணுத்தார். கன்னத்து எரிச்சல் குறைந்து தூக்கம் வர ஆரம்பித்ததும் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

செல்லம் கதவோரம் நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். கன்னங்களில் செங்கல் தூளை அப்பியது போன்ற நிறம் இப்போது மங்கியிருந்தது. பருக்கள் போலக் கிளம்பியிருந்த கொப்புளங்கள் வற்றியிருந்தன. மூக்கு மட்டும் அப்படியேதான் இருந்தது. தடித்து, துளை துளையாக. அது மாத்திரையில் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாலு வருடமாக அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் செல்லத்துக்கு வந்தது ஒரே எண்ணம்தான். குடிக்கிறார்.

கல்யாணமான புதிதில் பூமிநாதன் குடித்தவர்தான். மகள் தமிழ்மொழி பிறந்த அன்று விட்டார். அதற்கப்புறம் தொட்டதில்லை என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் நாலு வருடத்துக்கு முன்பு கன்னம் சிவக்க ஆரம்பித்தது. அப்புறம் கண். அப்புறம் மூக்கு. செல்லத்தின் அப்பாவுக்கும் சாகும்போது கண் இப்படித்தான் இருந்தது. ‘நான் குடிக்கல’ என்று அவரும் தினம் சொன்னார். அதனால் பூமிநாதன் சொன்னபோது அவள் நம்பவில்லை. ஒரு கட்டத்தில் அவரும் சொல்வதை விட்டுவிட்டார்.

போன மாதம் கண் எரிச்சல் தாங்காமல் கண் டாக்டரிடம் போனார்கள். அவர் இமையைப் பிரித்துப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், “முதல்ல தோல் டாக்டரைப் பாருங்க” என்று சீட்டு எழுதினார். தோல் பிரிவில் டாக்டர் ஷஃபீனா பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தையைச் செல்லத்தால் இரண்டு நாள் வரை சரியாக உச்சரிக்கக்கூட முடியவில்லை.

ரோசேசியா.

“வெள்ளைக்காரங்களுக்கு வந்தா சட்டுனு தெரிஞ்சுரும். நம்ம நிறத்துல தெரியிறதில்ல. பருன்னு நினைப்பாங்க, அலர்ஜின்னு நினைப்பாங்க” என்றார் டாக்டர்.

“இவரு பழைய குடிகாரருங்க டாக்டர்” என்று செல்லம் இடையில் சொன்னாள்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “குடிச்சா சிலருக்கு இது கூடும்மா. ஆனா குடியால வர்ற நோய் இல்ல. வாழ்க்கையில ஒரு சொட்டு தொடாதவங்க எத்தனை பேருக்கு நான் வைத்தியம் பாக்குறேன் தெரியுமா? முகத்து ரத்தக் குழாய் சட்டுனு விரிஞ்சுக்குது. வெயில், அடுப்பு அனல், சூடான டீ, காரம், கோபம், கவலை. இதுல எது இவருக்கு ஆகலைன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். ஒரு நோட்டுல எழுதி வைங்க. முழுசாப் போயிடாது. சுகர், பிரஷர் மாதிரி கட்டுக்குள்ள வச்சுக்கலாம்.”

பிறகு, “முகத்துக்கு இதுக்கு முன்னால என்ன போட்டீங்க?” என்று கேட்டார்.

செல்லம் பையிலிருந்து அந்தப் பிதுங்கிய டியூபை எடுத்துக் கொடுத்தாள். தமிழ்மொழி கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு மருந்துக் கடையில் செல்லமே கேட்டு வாங்கியது. அவர் முகம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று தினமும் அவளே தடவிவிட்டாள். முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது.

“இது ஸ்டீராய்டும்மா. முதல்ல அடங்குற மாதிரி காட்டும். அப்புறம் இருக்கிறதை ரெண்டு மடங்கா ஆக்கிடும்” என்று சொல்லி டாக்டர் அதைக் குப்பைக் கூடையில் போட்டார்.

கல்யாணத்தன்று அந்த முகம் ஏன் அப்படி எரிந்தது என்று செல்லத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

*

“கிளம்பு. பத்து மணிக்குள்ள போயிட்டா அவங்க வேலையில்லாம இருப்பாங்க” என்றார் பூமிநாதன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பையில் மடித்து வைத்த டாக்டர் கடிதம். ‘இவருடைய முகச் சிவப்பும் கண் சிவப்பும் மதுப் பழக்கத்தால் ஏற்பட்டவை அல்ல’ என்று அதில் முத்திரையோடு எழுதியிருந்தது.

அவர் பதினாறு வருடம் வேன் ஓட்டிய பள்ளிக்கூடத்தில் அதைக் காட்ட வேண்டும். போன கார்த்திகையில், பெற்றோர் புகார் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். இருக்கிற நிலத்தில் வருடம் ஒரு போகம் விளையும். பணத்தைவிட அவருக்கு அந்த வேன்தான் பெரிது. யூகேஜியில் ஏற்றிய பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுபோய் விட்டவர்.

“இன்னிக்கே போவணுமா? வெயில் இந்தப் போடு போடுது” என்றாள் செல்லம்.

“தொப்பி இருக்கு. குடை இருக்கு. வேற என்ன?”

வேறு என்ன என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கார்த்திகை மழையில் வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பகலில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. காலை டிரிப் முடித்துவிட்டு அவர் அப்போது வயலில் இருந்தார். ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சுகம்தான் பேசினாள். ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். ‘தப்பா நினைக்காதீங்க. பேரண்ட்ஸ் ரெண்டு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. அண்ணன் குடிக்கிறாரா? நீங்க இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் கரஸ்பாண்டன்ட்கிட்ட பேசிக்கிறேன்.’

‘ஆமாங்க’ என்றாள் செல்லம். ‘நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கிறாரு. சின்னப் பிள்ளைங்க ஏறுற வண்டி. நீங்க பாத்துச் செய்யுங்க.’

பிள்ளைகளுக்கு நல்லது செய்ததாகத்தான் அன்று நினைத்தாள். வேலை போனாலாவது திருந்துவார் என்றும் நினைத்தாள். அவரிடம் சொல்லவில்லை. தை மாதம் குடியை விடக் கயிறு கட்டும் முனீஸ்வரன் கோயிலுக்கு அழைத்துப் போனபோதும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். பூசாரி கட்டினார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் ஒரு மாதமாகச் சொல்லவில்லை.

*

பஸ்ஸில் வெயில் விழாத பக்கமாகப் பார்த்து அவரை உட்கார வைத்தாள். ஜன்னல் காற்று அனலாக வந்தது. பூமிநாதன் ஈரக் கைக்குட்டையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.

செல்லத்தின் மடியில் டாக்டர் எழுதச் சொன்ன நோட்டு இருந்தது. அடுத்த வாரம் டாக்டரிடம் காட்ட வேண்டியது. சும்மா புரட்டினாள். ‘செவ்வாய் – மத்தியானம் வரப்பில் நின்றார். சிவப்பு. வியாழன் – நண்டுக் குழம்பு, காரம். சிவப்பு, எரிச்சல்.’ ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே, ‘வெயில் இல்லை. காரம் இல்லை. ரொம்பச் சிவப்பு’ என்று மட்டும் இருந்தது. காரணம் எழுதும் இடம் காலி.

அன்று காலையில்தான் மகளின் வளைகாப்புப் பேச்சு வந்தது. ‘நீங்க அன்னிக்கு முன்னால வந்து நிக்காதீங்க. இன்னும் சம்பந்தி வீட்டுல இந்த வியாதி விஷயத்தைச் சொல்லல’ என்று அவரிடம் சொன்னவள் செல்லம்தான்.

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

பள்ளிக்கூட வாசலில் மூன்று வேன்கள் நின்றன. தான் ஓட்டிய ஏழாம் நம்பர் வண்டியைப் பார்த்ததும் பூமிநாதன் தானாக அதனிடம் போனார். முன் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். வேன் நிழலில் உட்கார்ந்திருந்த இன்னொரு டிரைவர் ஜெகபர் அலி எழுந்து ஓடிவந்தார்.

“அண்ணே! என்னண்ணே, ஆளே தெளிஞ்சு இருக்கீங்க?”

“மருந்து சாப்பிடுறேன் பாய். பேரெல்லாம் வச்சிருக்காங்க என் வியாதிக்கு.”

ஜெகபர் அலி சிரித்தார். செல்லத்தைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “வாங்கம்மா” என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆபீசில் அஞ்சுகம் எழுந்து நின்று வரவேற்றாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அவள் முகம் வாடியது.

“இப்படி ஒரு வியாதி இருக்குன்னே எனக்குத் தெரியாதுண்ணே. பாவம், நீங்க எவ்வளவு...” என்று நிறுத்தினாள். “ஆனா அந்த வண்டிக்கு ஆள் போட்டாச்சு. டிசம்பர்லயே. அவரை நிறுத்த முடியாது. அடுத்த வருஷம் புது வண்டி வந்தா நானே கூப்பிடுறேன்.”

“சரிம்மா. வேலைக்காக மட்டும் வரல. பேரு ஒண்ணு கெட்டுப் போச்சுல்ல. அதை இங்க எழுதி வச்சிருப்பீங்க. அதுல இந்தக் கடிதத்தையும் சேத்து வையுங்க” என்றார் பூமிநாதன்.

“கண்டிப்பா வைக்கிறேன். எங்க மேலயும் தப்பு இருக்கு, டெஸ்ட் எடுத்திருக்கணும். ஆனா நாங்களா ஒண்ணும் முடிவு பண்ணலண்ணே. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானே...” அஞ்சுகத்தின் பார்வை செல்லத்தின் மேல் விழுந்தது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவளுக்கே புரிந்துவிட்டது.

செல்லம் தரையைப் பார்த்தாள். இதோ, இப்போது திரும்பிப் பார்ப்பார். இதோ கேட்பார்.

பூமிநாதன் திரும்பவில்லை. “தெரியும்மா” என்றார் அஞ்சுகத்திடம். “நகல் ஒண்ணு எடுத்துக்கிட்டு இதைக் குடுங்க. இன்னொரு இடத்துல காட்ட வேண்டியிருக்கு.”

*

பள்ளிக்கூடத்துக்கு எதிரே புங்கமரத்தடியில் பஸ்ஸுக்காக நின்றார்கள்.

“எப்பங்க தெரியும்?”

“அந்த வாரமே. பாய் சொன்னாரு. ஆபீஸ்ல அவரு நிக்கும்போதுதான் அந்தப் பொண்ணு உன்கூடப் பேசியிருக்கு.”

“கார்த்திகையிலயேவா?”

அவர் கன்னம் செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. வெயிலால் அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

“தெரிஞ்சுமா தை மாசம் கையை நீட்டினீங்க?”

“நீட்டலேன்னா நீ அதுக்கும் ஒரு அர்த்தம் வச்சிருப்ப.”

“ஏங்க, நான் வேணும்னு செய்யல. எங்க அப்பாவைப் பாத்து வளந்தவ நான். பிள்ளைங்க ஏறுற வண்டின்னு...”

“அது எனக்குப் புரியாமயா இருக்கு? நிஜமாவே குடிச்சுட்டு ஒருத்தன் வேன் ஓட்டுனா, அவன் பொண்டாட்டி அப்படித்தான் சொல்லணும். அதுல தப்பு இல்ல.” அவர் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். “ஒரே வீட்டுல இருந்தோம் செல்லம். நாலு வருஷம். ஒரு தரம், ஒரே ஒரு தரம் கிட்ட வந்து என் வாயை மோந்து பாத்திருக்கலாமே. அதுக்கு டாக்டரா வேணும்?”

அவர் கண் சிவந்திருந்த நாட்களில் செல்லம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அவர் கூடத்தில் படுத்தால் அவள் உள்ளறையில் படுத்துக்கொள்வாள். வாடை வரும் என்று விலகினாள். வாடை வந்ததா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

“டாக்டர்கிட்ட போயிட்டு வந்து ஒரு மாசம் ஆச்சு. இன்னிக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு பாத்தேன். டீயை ஆத்துற, நோட்டு எழுதுற, எல்லாம் செய்யிற. அதை மட்டும் சொல்லல.”

“பயமா இருந்துச்சுங்க.”

“எனக்கும்தான் பயமா இருந்துச்சு, நீ கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டியோன்னு.”

பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. அவர் கடிதத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“நீ இதை எடுத்துக்கிட்டு தருமபுரம் போ. பாப்பா வீட்டுல, சம்பந்தியம்மா முன்னாடி உன் வாயால சொல்லு. நான் வரல. நான் பக்கத்துல நின்னா நீ மழுப்புவ.”

*

தருமபுரத்தில் தமிழ்மொழியின் மாமியார் வீட்டுக் கூடத்தில் மாம்பழ வாசனை நிறைந்திருந்தது. மாமியார் சொர்ணாம்பாள், நன்றாகக் கனிந்ததும் அடிபட்டதுமாகப் பழங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தமிழ்மொழி நாற்காலியில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு.

“வாங்க சம்பந்தி. தனியாவா வந்தீங்க, இந்த வெயில்ல?”

செல்லம் தண்ணீரைக்கூட வாங்கவில்லை. நின்றபடியே கடிதத்தை நீட்டினாள். சொர்ணாம்பாள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படித்து முடித்து மருமகளிடம் கொடுத்தாள்.

“அவரு குடிக்கிறதில்லைங்க” என்றாள் செல்லம். “இருபத்தஞ்சு வருஷமா குடிச்சதில்ல. அது முகத்துல வர்ற ஒரு நோவு. வெயிலு, அனலு பட்டா சிவக்கும். கல்யாணத்தன்னிக்கு ஹோமப் புகை, அந்தக் கூட்டம், அதோட நான் வாங்கித் தடவுன கிரீம். அதுல முகம் அப்படி ஆயிடுச்சு. நான்தான் தப்பா நினைச்சு, நீங்க எல்லாரும் என்ன நினைப்பீங்களோன்னு பயந்து, அவரை மணவறையை விட்டு எழுப்பி உள்ள அனுப்பினேன்.”

அன்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் பூமிநாதனின் தம்பி நடராசனும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். பூமிநாதன் மண்டபத்தின் பின்னறையில், பாத்திரங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கெட்டிமேளச் சத்தத்தை அங்கிருந்துதான் கேட்டார்.

சொர்ணாம்பாள் கண்ணாடியைக் கழற்றினாள். “நாங்க ஒண்ணும் சொல்லலையே சம்பந்தி. மண்டபத்துல நான் உங்ககிட்ட வந்து ‘அண்ணனுக்கு முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கே, உடம்பு சரியில்லையா’ன்னு தானே கேட்டேன்? நீங்கதான் என் கையைப் புடிச்சுக்கிட்டு, ‘காலையிலேயே போட்டுட்டாரு, மன்னிச்சுக்கங்க’ன்னீங்க. நான் அதை என் புருஷன்கிட்டகூடச் சொல்லல.”

இத்தனை மாதமாக, மாப்பிள்ளை வீட்டார் குத்திக் கேட்டதாகத்தான் செல்லத்தின் மனதில் பதிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

“அம்மா” என்றாள் தமிழ்மொழி. கடிதம் அவள் மடியில் கிடந்தது. “அன்னிக்குச் சாப்பாட்டு நேரத்துல அப்பா எங்கிட்ட வந்தாரு. ‘பாப்பா’ன்னு கூப்பிட்டுத் தலையில கை வச்சாரு. நான்...” அவள் கடிதத்தை மடித்தாள். “நான் மூச்சை அடக்கிக்கிட்டேன்மா. வாடை வரும்னு. அவரு கையை எடுக்குற வரைக்கும் மூச்சே விடல. நீ சொன்னதை நம்பி.”

சொர்ணாம்பாள் மருமகளின் தோளில் கை வைத்தாள்.

தமிழ்மொழி போனை எடுத்து அப்பாவை அழைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் கோட்டுச்சேரிக் கடைத்தெரு இரைச்சல்.

“பாப்பா.”

“அப்பா...”

“அழாதம்மா. இந்த நேரத்துல அழக்கூடாது. நான் நல்லாருக்கேன்.”

“வெள்ளிக்கிழமை நீங்க வரணும்ப்பா.”

“வரேன். அது பொம்பளைங்க விசேஷம். நான் ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடுறேன்.”

“ஓரமா வேணாம்ப்பா. பந்தல் போட்டிருக்கோம், அனலா இருக்காது. உள்ள ஃபேனுக்குக் கீழ உங்களுக்கு நாற்காலி போடச் சொல்றேன். என் கண்ணுக்கு முன்னாடி உக்காருங்க.”

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“அம்மா சொல்லிட்டாளா?”

“சொல்லிட்டாங்கப்பா.”

“எல்லாத்தையும் சொன்னாளா?”

தமிழ்மொழி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். “எல்லாத்தையும்னா? வேற என்னப்பா இருக்கு?”

செல்லத்தின் கை தானாகச் சேலைத் தலைப்பைப் பிடித்தது. மணவறையைப் பற்றிச் சொல்லியிருந்தாள். கிரீமைப் பற்றியும் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்துப் போனைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்தா போனாள்? இல்லை. இவ்வளவு சொன்னால் போதும் என்று உள்ளே ஒன்று கணக்காக நிறுத்திவிட்டது. தான் பக்கத்தில் நின்றால் மழுப்புவாள் என்று புங்கமரத்தடியில் அவர் சொன்னார். அவர் பக்கத்தில் இல்லாமலே மழுப்பிவிட்டாள்.

“அதை அவளே சொல்லட்டும்மா” என்றது பூமிநாதனின் குரல். கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. “அவசரமில்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்கம்மா அங்கேயே இருக்கட்டும்.”

“ஏன்ப்பா? நீங்க தனியா...”

“சோறு ஆக்கத் தெரியும் எனக்கு. டீயை ஆத்திக் குடிக்கவும் தெரியும். எனக்குக் கொஞ்ச நாள் வீட்டுல தனியா இருக்கணும் போல இருக்கு பாப்பா. அவ்வளவுதான். வச்சிடுறேன்.”

போன் அணைந்தது.

சொர்ணாம்பாள்தான் முதலில் அசைந்தாள். “இருங்க சம்பந்தி. வளைகாப்புக்கு ஆள் வேணும்னு நானே கூப்பிடணும்னு இருந்தேன். முதல்ல உக்காந்து ரெண்டு வாய் சாப்பிடுங்க” என்று பழங்களை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

கூடத்தில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

“என்னம்மா அது?” என்றாள் தமிழ்மொழி.

செல்லம் தரையில் உட்கார்ந்தாள். மகளின் வீங்கிய பாதங்களுக்குப் பக்கத்தில். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், கார்த்திகை மழையில் வீட்டுக்குள் துணி காயப்போட்டதிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. ‘நீங்க இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்’ என்று அஞ்சுகம் கேட்டதையும் சொன்னாள். தான் சொன்ன ‘ஆமாங்க’வையும் சொன்னாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அப்பா கோயிலில் கையை நீட்டினார் என்பதையும் சொன்னாள்.

தமிழ்மொழி கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டவில்லை. அழவுமில்லை. எல்லாம் முடிந்த பிறகு நாற்காலியின் கைகளை ஊன்றி மெதுவாக எழுந்து உள்ளறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு பருத்திப் புடவை இருந்தது. செல்லம் மாற்றுப் புடவை எடுத்து வந்திருக்கவில்லை. தமிழ்மொழி அதை நாற்காலியின் மேல் வைத்தாள். அம்மாவின் கையில் கொடுக்கவில்லை.

“பாத்ரூம் அந்தப் பக்கம்” என்றாள், புது விருந்தாளியிடம் சொல்வதுபோல.